சொல் வரிசையும் மொழி வகையும்: ஜோசப் கிரீன்பெர்க்கின் ஆய்வு நெறி

மொழிகளை வகைப்படுத்துதல் என்றவுடன் தமிழ் மொழியியல் நூல்களில் முதலில் இடம்பெறுவது தனிநிலை, ஒட்டுநிலை, உட்பிணைப்பு நிலை என்னும் முப்பிரிவாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மானிய அறிஞர்களின் எழுத்துகள் வழியாக உருப்பெற்ற இப்பகுப்பில் முதல் வகைக்குச் சீனமும், இரண்டாம் வகைக்குத் துருக்கியும் தமிழும், மூன்றாம் வகைக்குச் சமஸ்கிருதமும் எடுத்துக்காட்டுகளாகக் காட்டப்பட்டு வந்தன. உட்பிணைப்பு மொழிகளே வளர்ச்சியின் உச்சம் என்னும் மதிப்பீடும் இப்பகுப்புடன் ஒட்டிக்கொண்டு வந்தது. அம்மதிப்பீட்டை இன்று எவரும் ஏற்பதில்லை. ஆயின் இப்பகுப்பின் பெருங்குறை அதுவன்று. ஒரு மொழி ஒட்டுநிலையினது என்று அறிந்த பின்னரும் அம்மொழியில் பெயரடை எங்கு வரும், துணைவினை எங்கு வரும், ஒப்பீட்டுத் தொடர் எவ்வாறு அமையும் என எதையும் ஊகித்தறிய இயலாது. பெயரிடுதலோடு அதன் பணி முடிந்துவிடுகிறது.

ஒரு கூறு தெரிந்தால் மற்றொரு கூற்றை முன்கூட்டியே சொல்லக்கூடிய வகைப்பாடு வேண்டும் என்ற எண்ணத்தைச் செயலாக்கிக் காட்டியவர் அமெரிக்க மொழியியலாளர் ஜோசப் ஹெரால்ட் கிரீன்பெர்க் ஆவார். பழைய முப்பிரிவையும் அவர் உடனடியாகத் தள்ளிவிடவில்லை. 1954இல் எழுதிய ஒரு கட்டுரையில் அதனை எண்ணளவைக்கு உட்படுத்தினார். நூறு சொற்கள் கொண்ட பகுதிகளை எடுத்து, ஒரு சொல்லுக்குச் சராசரியாக எத்தனை உருபன்கள் உள்ளன என்று கணக்கிட்டபோது, வியட்நாமிய மொழிக்கு 1.06, சமஸ்கிருதத்திற்கு 2.59, எஸ்கிமோ மொழிக்கு 3.72 என்னும் மதிப்புகள் கிடைத்தன. பெட்டிகளாகக் கருதப்பட்டவை உண்மையில் ஒரே அளவுகோலின் வெவ்வேறு புள்ளிகளே என்பது இதனால் தெளிவாயிற்று. அதன் பின்னரே அவர் கவனம் சொல்லின் உள்ளமைப்பிலிருந்து சொற்களின் வரிசைக்குத் திரும்பியது.

கிரீன்பெர்க் 1915இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் பிறந்தார். மானிடவியலில் முனைவர் பட்டம் பெற்ற அவர் நைஜீரியாவில் ஹௌசா மொழி பேசும் மக்களிடையே கள ஆய்வு செய்தார், கொலம்பியாவிலும் 1962 முதல் ஸ்டான்போர்டிலும் பணியாற்றினார், 2001இல் மறைந்தார். ஆப்பிரிக்க மொழிகள் அனைத்தையும் நான்கு பெருங்குடும்பங்களுள் அடக்கிய அவரது நூல் 1963இல் வெளிவந்தது. அமெரிக்கப் பழங்குடி மொழிகளைப் பற்றி 1987இல் அவர் வெளியிட்ட நூல் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. அவ்வெதிர்ப்பு இன்றும் தணியவில்லை. இக்கட்டுரை அவ்விரு நூல்களைப் பற்றியதன்று. 1961 ஏப்ரலில் நியூயார்க் மாநிலத்தின் டாப்ஸ் பெரி என்னுமிடத்தில் நடந்த மொழிப் பொதுமைகள் பற்றிய கருத்தரங்கில் அவர் அளித்து, 1963இல் நூல்வடிவம் பெற்ற கட்டுரையே இங்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது.

முப்பது மொழிகள், நாற்பத்தைந்து பொதுமைகள்

கிரீன்பெர்க் முப்பது மொழிகளைத் தேர்ந்துகொண்டார். அவை தமக்கு முன்பே பழக்கமானவையாகவோ போதிய இலக்கணம் கிடைத்தவையாகவோ இருந்தன. இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து இந்தி, கன்னடம், புருஷாஸ்கி ஆகிய மூன்றும் இடம்பெற்றன. திராவிட மொழிகளின் சார்பில் முப்பதில் நின்றது கன்னடம், தமிழ் அன்று.

எழுவாயும் செயப்படுபொருளும் பெயர்களாக வரும் செய்தித் தொடரில் எழுவாய் (எ), செயப்படுபொருள் (செ), வினை (வி) ஆகிய மூன்றும் ஆறு வகையாக வரிசை பெறலாம். அவற்றுள் மூன்றே பெருவழக்காக உள்ளன என்பது அவர் கண்டது. வேல்சு, ஹீப்ரு, மவோரி முதலிய ஆறு மொழிகள் வி-எ-செ வகையின. இத்தாலியம், சுவாஹிலி, தாய் முதலிய பதின்மூன்று மொழிகள் எ-வி-செ வகையின. துருக்கி, ஜப்பானியம், பாஸ்க், கன்னடம், இந்தி முதலிய பதினொன்று எ-செ-வி வகையின. 'சிறுவன் நாயைப் பார்த்தான்' என்பதை வேல்சு மொழியார் 'பார்த்தான் சிறுவன் நாயை' என்ற வரிசையில் சொல்வர். இம்மூன்றிலும் எழுவாய் செயப்படுபொருளுக்கு முன் நிற்பதைக் காணலாம். இதுவே முதற் பொதுமை.

இவ்வளவோடு நின்றிருந்தால் இதுவும் மற்றொரு முப்பிரிவாகவே முடிந்திருக்கும். தொடரின் வரிசைக்கும் தொடரின் பிற உறுப்புகளுக்கும் இடையே உள்ள பிணைப்பை 'இது இருப்பின் அது இருக்கும்' என்ற நிபந்தனை வடிவில் அவர் கூறியதே புதுமை. வி-எ-செ வரிசை உடைய மொழிகளில் வேற்றுமைப் பொருள் தரும் இடைச்சொல் எப்போதும் பெயருக்கு முன் வரும்; எ-செ-வி மொழிகளில் அது மிகப் பெரும்பாலும் பெயருக்குப் பின் வரும். பின்னுருபு உடைய மொழிகளில் உடைமைப் பெயர் உடைமைக்கு முன் நிற்கும். முன்னுருபு உடையவற்றில் பின் நிற்கும். (முன்னுருபுக்கும் உடைமைத் தொடரின் வரிசைக்கும் உள்ள தொடர்பை வில்ஹெல்ம் ஷ்மிட் 1926இலேயே சுட்டியிருந்தார் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.) எ-செ-வி மொழிகளில் திரிபேற்கும் துணைவினை முதல்வினைக்குப் பின் வரும்.

இவற்றைத் தமிழில் பொருத்திப் பார்ப்பது எளிது. 'மரத்தின் மேல்', 'கண்ணனின் வீடு', 'எழுதி முடித்தான்', 'படிக்க விரும்பினாள்', 'அவனை விட உயரமானவன்' ஆகிய ஐந்தும் ஒரே திசையில் அமைந்துள்ளன. எண் உருபும் வேற்றுமை உருபும் பெயரின் ஒரே பக்கத்தில் வருமாயின் எண் உருபே பெயரை ஒட்டி நிற்கும் என்னும் 39ஆம் பொதுமையை 'மரங்களை' என்ற ஒரு சொல்லே காட்டிவிடும். உருபு ஏலாது நிற்கக்கூடிய வேற்றுமை எழுவாயை உணர்த்தும் வேற்றுமையே என்பது 38ஆம் பொதுமையின் சாரம். முதல் வேற்றுமைக்கு உருபு இல்லை என்று தமிழிலக்கணம் நெடுங்காலமாகச் சொல்லி வருவதோடு இது ஒத்துச் செல்கிறது. எ-செ-வி மொழிகள் பெரும்பாலும் வேற்றுமை அமைப்பு உடையவை என்னும் 41ஆம் பொதுமை மொழிபெயர்ப்பாளருக்கு மிகவும் பயன்படுவதாகும். அது பின்னர் விளக்கப்படும்.

இப்பொதுமைகளின் சொல்லாட்சியைக் கவனித்துப் படிக்க வேண்டும். சிலவற்றில் 'எப்போதும்' என்றும், சிலவற்றில் 'தற்செயலை விஞ்சிய மிகுதியுடன்' என்றும் கிரீன்பெர்க் எழுதினார். முன்னதற்கு ஒரு விலக்குக் கிடைத்தாலும் விதி வீழும். பின்னதற்கு விலக்குகள் எதிர்பார்க்கப்பட்டவையே. பாரசீகம் எ-செ-வி மொழியாயினும் முன்னுருபு உடையது. 'அகமதின் புத்தகம்' என்பதற்கு அம்மொழியில் 'புத்தகம்' முன்னும் 'அகமது' பின்னும் வரும். எ-செ-வி மொழியில் உடைமைப் பெயர் பின் வருமாயின் பெயரடையும் பின் வரும் என்னும் ஐந்தாம் பொதுமைக்குப் பாரசீகம் நன்கு பொருந்துகிறது. விலக்கும் ஓர் ஒழுங்கின்படியே விலகுகிறது.

உறவுக்குச் சான்றாகுமா?

வகை ஒற்றுமை வேறு, குடும்ப உறவு வேறு. வேல்சும் மவோரியும் ஒரே வகையின. அவற்றிற்கிடையே குடும்பத் தொடர்பு எதுவும் நிறுவப்பட்டதில்லை. இந்தியும் இத்தாலியமும் ஒரே குடும்பத்தின, வகையால் வேறுபட்டவை. ஒலியும் பொருளும் ஒருங்கே ஒத்துவரும் சொற்களும் உருபுகளுமே உறவுக்குச் சான்றாக முடியும் என்பதில் கிரீன்பெர்க் உறுதியாக இருந்தார். அவரது குடும்ப வகைப்பாடுகளை மறுப்பவர்களும் இக்கருத்தை மறுப்பதில்லை.

தமிழுக்கும் ஜப்பானியத்திற்கும், தமிழுக்கும் கொரிய மொழிக்கும் உறவு பேசுவோர் வினை இறுதியில் வருதல், பின்னுருபு வருதல், உடைமைப் பெயர் முன் வருதல், துணைவினை பின் வருதல் என ஒற்றுமைகளை அடுக்கிக் காட்டுவது உண்டு. இவை நான்கு சான்றுகள் போலத் தோன்றும். ஆனால் முதலாவது இருந்தால் மற்ற மூன்றும் பெரும்பாலும் உடன்வரும் என்பதே கிரீன்பெர்க் கண்ட உண்மை. ஒரே சான்றை நான்கு முறை எண்ணுவதற்கு இது ஒப்பாகும். உலக மொழிகளில் மிகப் பலவற்றிற்குப் பொதுவான ஒரு கூறு, எந்த இரு மொழிகளையும் தனியே உறவுபடுத்தாது. உறவு உண்டா இல்லையா என்பது சொல் ஒப்பீட்டில் முடிவுசெய்ய வேண்டிய வினா. சொல் வரிசை அவ்வழக்கில் சாட்சியாக நிற்க இயலாது.

எண்ணிக்கை பெருகியபோது

முப்பது மொழிகளைக் கொண்டு உலகத்தைப் பற்றிப் பேசலாமா என்ற ஐயம் இயல்பானது. கிரீன்பெர்க்கும் தம் முடிவுகளை இறுதியானவை என்று கருதவில்லை. சார்லஸ் பெர்குசனுடன் இணைந்து ஸ்டான்போர்டில் நடத்திய பொதுமைகள் ஆய்வுத்திட்டம் 1967 முதல் 1976 வரை நிகழ்ந்து, 1978இல் நான்கு தொகுதிகளாகப் பயன் தந்தது. 1977இல் டெஸ்மண்ட் டெர்பிஷயர், பிரேசிலின் அமேசான் பகுதியில் பேசப்படும் ஹிக்ஷ்கரியானா மொழியில் செ-வி-எ என்பதே அடிப்படை வரிசை என்று காட்டினார். 'மனிதனைத் தின்றது சிறுத்தை' என்பது தமிழில் ஓர் அழுத்த வரிசை. அம்மொழியில் அதுவே இயல்பு வரிசை. இல்லை என்றோ மிக அரிது என்றோ கருதப்பட்ட வகை 'அரிது' என்பதில் நிலைபெற்றது.

மாத்யூ டிரையர் 1992இல் வெளியிட்ட ஆய்வு 625 மொழிகளை உள்ளடக்கியது. மொழி அமைப்புகளின் உலக நிலப்பட நூல் 2005இல் அச்சில் வந்து, பின்னர் இணையத்தில் விரிவாக்கப்பட்டது. அதற்கென டிரையர் தொகுத்த 1377 மொழிகளில் எ-செ-வி வகையின 565, எ-வி-செ 488, வி-எ-செ 95, வி-செ-எ 25, செ-வி-எ 11, செ-எ-வி 4. ஆதிக்க வரிசை ஒன்றைச் சொல்ல இயலாதவை 189. எழுவாய் முன்வரும் என்ற முதற் பொதுமை ஏறத்தாழ அப்படியே நிற்கிறது எனலாம். உருபு பற்றிய பொதுமையும் உறுதிப்பட்டது: செயப்படுபொருளை வினைக்கு முன் வைக்கும் மொழிகளுள் பின்னுருபு உடையவை 472, முன்னுருபு உடையவை 14 மட்டுமே.

ஒன்று மட்டும் நிலைகுலைந்தது. எ-செ-வி மொழிகளில் அடை எல்லாம் முன் வரும், ஆகவே பெயரடையும் முன் வரும் என்று 1970களில் லேமன், வென்னெமான் ஆகியோர் ஒரே கொள்கையின்கீழ்க் கொணர முயன்றனர். பாடநூல்கள் பலவற்றில் இக்கருத்தே கிரீன்பெர்க்கின் பெயரால் இடம்பெற்றுள்ளது. ஆனால் டிரையரின் தரவின்படி செயப்படுபொருளை முன்வைக்கும் மொழிகளுள் பெயரடையையும் முன்வைப்பவை 216, பின்வைப்பவை 332. 'பெரிய வீடு' என்று சொல்லும் தமிழ், தன் வகையினுள் இவ்வகையில் சிறுபான்மையைச் சேர்ந்தது. தமிழில் பெயரடை முன் வருவதற்குத் தமிழ் எ-செ-வி மொழி என்பதே காரணம் என்று எழுதுவது இனிப் பொருந்தாது. பெயரெச்சத் தொடரின் நிலை சற்று வேறானது. பெயரெச்சத் தொடரைப் பெயருக்கு முன் வைப்பவை முன்வகை மொழிகளில் 132, பின் வைப்பவை 113. வினைக்குப் பின் செயப்படுபொருளை வைக்கும் மொழிகளிலோ பெயரெச்சத் தொடரை முன் வைப்பவை ஐந்தே. அவ்வைந்தனுள் ஒன்று சீனம்.

ஏன் இவ்வாறு?

பிணைப்பு உண்டு என்று காட்டுவது ஒன்று. அது ஏன் என்பது மற்றொன்று. கேட்போர் மனம் தொடரை விரைந்து பகுத்துணர இவ்வியைபு உதவுகிறது என்பது ஜான் ஹாக்கின்ஸின் விளக்கம். வரலாற்று விளக்கமும் உண்டு. உருபுகள் வானிலிருந்து விழுவதில்லை. வினைகளிலிருந்தும் பெயர்களிலிருந்துமே பிறக்கின்றன. பிறந்த இடத்தின் வரிசையை அவை விடுவதில்லை.

இதற்குத் தமிழைக் காட்டிலும் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. பற்றி, குறித்து, நோக்கி, கொண்டு, இருந்து, விட, சுற்றி, ஒட்டி ஆகிய சொல்லுருபுகள் யாவும் எச்சவினைகளே. 'கொடியைப் பற்றி ஏறினான்' என்பதில் 'பற்றி' கையால் பிடித்தலைக் குறிக்கும் வினை. 'கொடியைப் பற்றி எழுதினான்' என்பதில் அது உருபு. செயப்படுபொருளுக்குப் பின் வினை வருவது தமிழ் வரிசையாதலின், வினை உருபாகத் தேய்ந்த போதும் பெயருக்குப் பின்னேயே நின்றது; இரண்டாம் வேற்றுமை உருபையும் உடன்கொண்டு நின்றது. மேல், கீழ், முன், பின் என்பன பெயர்களிலிருந்து வந்தவை. 'மரத்தின் மேல்' என்னும் தொடர் அடிப்படையில் ஓர் உடைமைத் தொடரே. ஆகவே உடைமைப் பெயர் முன் வரும் மொழியில் பின்னுருபு தோன்றுவது தனி விதியன்று. அதே தொடரின் மறுபிறப்பு. 'விடு', 'இரு', 'கொள்' முதலிய துணைவினைகளின் வரலாறும் இத்தகையதே. வி-எ-செ மொழியில் இதே தேய்வு நிகழ்ந்தால் முன்னுருபே கிடைக்கும்.

2011இல் டன், கிரீன்ஹில், லெவின்சன், கிரே ஆகியோர் நான்கு மொழிக்குடும்பங்களின் கிளைப்படங்களைக் கொண்டு ஆராய்ந்து, இப்பிணைப்புகள் குடும்பத்திற்குக் குடும்பம் மாறுபடுகின்றன என்று எழுதினர். அவர்களது கணிப்பு முறை பற்றிய விவாதம் எழுந்தது. நான்கு குடும்பங்களில் திராவிடம் இல்லை என்பதையும் இங்குச் சுட்ட வேண்டும். உலகளாவிய எண்ணிக்கையை அவ்வாய்வு மறுக்கவில்லை. அதற்குக் காரணம் மனத்தின் இயல்பா, மரபின் ஓட்டமா என்பதையே வினாவாக்கியது.

அண்டை மொழிகளின் செல்வாக்கும் ஒரு காரணமே. எமனோ 1956இல் இந்தியாவை ஒரு மொழியியல் பரப்பு என்று வரையறுத்தார். கோலின் மசிக்கா 1976இல் சொல் வரிசைக் கூறுகளை நிலப்படத்தில் குறித்துப் பார்த்தபோது, அவை இந்திய எல்லையோடு நில்லாமல் மைய ஆசியா வழியாக ஜப்பான் வரை பரவியிருப்பதைக் கண்டார். முண்டா மொழிகள் எ-செ-வி வகையின. அவற்றின் உறவினமான காசி மொழி எ-வி-செ வரிசையும் முன்னுருபும் உடையது. காஷ்மீரியில் திரிபேற்ற வினை தொடரின் இரண்டாம் இடத்தில் வரும். 'இந்திய மொழிகள் அனைத்தும் எ-செ-வி' என்று பொதுப்படச் சொல்லுதல் ஆகாது.

மொழிபெயர்ப்பில் வரிசை

எ-வி-செ மொழியிலிருந்து தமிழுக்குப் பெயர்ப்பவர், மூலத்தின் சொற்களை வலமிடமாகத் திருப்பினால் போதும் என்ற முடிவுக்கு விரைவில் வந்துவிடுகிறார். அடைகளைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் சரியே. 'மாணவன்–படித்த–கடிதம்–எழுதிய–ஆசிரியர்–வந்த–ஊருக்கு' என்ற வரிசையில் மூலம் இருந்தால், தமிழ் 'ஊருக்கு வந்த ஆசிரியர் எழுதிய கடிதத்தைப் படித்த மாணவன்' என்று வரும். மூலத்தைப் படிப்பவர் முதலில் மாணவனை அறிந்து பிறகு விவரம் பெறுகிறார். தமிழில் படிப்பவர் மூன்று பெயர்ச்சொற்களைத் தாண்டி இறுதியில்தான் மாணவனைச் சந்திக்கிறார். இலக்கணம் பிழையின்றி இருக்கும். செய்தி வந்து சேரும் முறை தலைகீழாகிவிடும். சட்ட உரைகளிலும் பாடநூல்களிலும் காணும் அயர்ச்சிக்குச் சொற்களின் கடுமையைவிட இதுவே பெருங்காரணம். சீனத்திலிருந்து பெயர்ப்பவருக்கு இத்தொல்லை குறைவு. அங்கும் பெயரெச்சத் தொடர் முன்னேயே வருகிறது.

இங்கு ஒரு வேறுபாட்டைக் கடைப்பிடிக்க வேண்டும். பெயர்த்தொடரின் உள்ளே தமிழ் வரிசை இறுக்கமானது: பெயரெச்சம் பெயருக்குப் பின் வர இயலாது, உருபு பெயருக்கு முன் வர இயலாது. தொடர் அளவில் அது நெகிழ்வானது: 41ஆம் பொதுமை கூறும் வேற்றுமை உருபு, எவர் செய்தார், எது செய்யப்பட்டது என்பதை வரிசையின் உதவியின்றியே காட்டிவிடும். 'ஆசிரியரைப் பார்த்தான் மாணவன்', 'மாணவன் பார்த்தான் ஆசிரியரை' ஆகியவற்றில் பொருள் குழப்பம் இல்லை, அழுத்தமே மாறுகிறது. எழுத்திலக்கணங்களை மட்டும் கொண்டு தமிழையும் கன்னடத்தையும் வினையே முடிவில் வரும் கண்டிப்பான மொழிகள் என்று குறிப்பவர், பேச்சில் வினைக்குப் பின்னும் பெயர்கள் தாராளமாக வருவதைக் காண்பதில்லை. செய்யுளில் சொற்கள் இடம்மாறி நிற்பதற்குத் தமிழிலக்கணம் பொருள்கோள் என்றே தனியியல்பு வகுத்தது. நன்னூல் அதனை எட்டு வகையாக்கியது. இயல்பு வரிசை ஒன்று உண்டு, அதிலிருந்து விலகலும் உண்டு என்ற உணர்வு இல்லாமல் அவ்வகுப்பு தோன்றியிருக்காது.

ஆகவே மூலத்தின் வரிசையைக் காக்க விரும்பும் மொழிபெயர்ப்பாளர் இறுக்கமான இடத்தில் போராடாமல் நெகிழ்வான இடத்தைப் பயன்படுத்த வேண்டும். மேற்காட்டிய தொடரை 'அம்மாணவன் ஒரு கடிதத்தைப் படித்தான். அதை எழுதியவர் ஊருக்கு வந்த ஆசிரியர்' என்று பிரிக்கலாம். புதிய செய்தி இறுதியில் வர வேண்டுமெனில் வினையாலணையும் பெயரோ தொழிற்பெயரோ எழுவாயாகி உதவும்: 'விளக்கை அணைத்தவள் அவள்தான்', 'அவர் கேட்டது நீதி'. இங்கு வினைக்குரிய இடத்தில் பெயர்ப் பயனிலை நிற்பதால், எ-செ-வி மொழியின் எந்த விதியும் மீறப்படவில்லை. மூலத்தில் இறுதியில் வெளிப்படும் பெயர் தமிழிலும் இறுதியிலேயே வெளிப்படுகிறது. முதன்மைத் தொடர் முன்னும் காரணம் பின்னும் வரும் மூலத்தை 'ஏனெனில்' கொண்டு இணைப்பதும் ஒரு வழியே. ஆனால் பத்திக்கு மூன்று 'ஏனெனில்' வருமிடத்தில் '-ஆல்', '-ஆதலின்' என்னும் முன்வரு காரணத் தொடர்களுள் ஒன்றையேனும் இடையிட்டு எழுதுவது தமிழின் இயல்பான ஓட்டத்தைக் காக்கும்.